பாலத்தடியில் 5 கிலோமீட்டர் 5.4 ஆவது ஏன்?

கேள்வி: 2024 ஜூன் 16

திருவொற்றியூர் தேரடியிலிருந்து சுங்கச்சாவடிப் பக்கம் போய்த் திரும்பி ஓடுகிறேன். மூன்று மாதமாக அதே வழி, அதே நேரம், காலை ஐந்து மணி. கைப்பேசிச் செயலி ஒரு நாள் 5.0 கிலோமீட்டர் என்கிறது, மறுநாள் 5.4 என்கிறது. ஷூவில் மாட்டும் சென்சார் வாங்கினால் இது சரியாகுமா? அக்கா, நீங்கள் பல வருடமாக ஓடுகிறீர்கள் என்று படித்தேன். வாங்கலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜூன் 16, இரவு

வேண்டாம். இப்போது வேண்டாம். முதலில் பாலத்தை விட்டு வெளியே வாருங்கள்.

தம்பி, நீங்கள் ஓடும் வழி முழுக்கத் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் பாலம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிய பாதை அது. தண்டையார்பேட்டை வரை பூமிக்கு அடியில் வந்து, பிறகு மேலே ஏறி, நெடுஞ்சாலையின் நடுவிலேயே தூண் ஊன்றிப் போகிறது. கைப்பேசியில் இருக்கும் ஜி.பி.எஸ். உங்கள் காலடியை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும், தான் எங்கே இருக்கிறது, மணி என்ன என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து கைப்பேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். மேலே கான்கிரீட் மறைத்தால், நேரே வர வேண்டிய அலை எதிர்க் கட்டடத்தில் பட்டுச் சுற்றிக்கொண்டு வரும். சுற்றி வந்த அலை என்று கைப்பேசிக்குத் தெரியாது. தாமதத்தைத் தூரமாக எடுத்துக்கொண்டு உங்களை எதிர்ச்சாரிக் கடைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். அடுத்த நொடியில் திரும்பச் சாலைக்கு இழுக்கும்.

திறந்த வானத்தின் கீழ்கூட ஒரு கைப்பேசி சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள்தான் இடத்தைச் சரியாகக் காட்டும். ஒரு வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடிப் பாருங்கள். ஒரு பக்கம் கற்கள் கொட்டிய கடற்கரை, அதற்கப்பால் முழுக்க வானம். கன்டெய்னர் லாரிகள் இருக்கும், ஆகவே வண்டிகள் எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள். அப்போதும் 5.4 வந்தால் சென்சாரைப் பற்றிப் பேசலாம்.

ஜூன் 17

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். பிழை வந்தால் ஏன் கூடுகிறது, ஏன் 4.6 என்று குறையவில்லை?

நான் தையல்காரி, எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். ஒரு மீட்டர் துணியில் நேராக மெஷினை ஓட்டினால் ஒரு அளவு நூல் இறங்கும். அதே ஒரு மீட்டரில் வளைத்து நெளித்து ஓட்டினால் நூல் அதிகம் இறங்கும். துணியின் நீளம் மாறவில்லை, நூல்தான் கூடியது. செயலி உங்கள் புள்ளிகளை ஒன்றோடொன்று கோத்துத் தூரம் சொல்கிறது. புள்ளிகள் இடமும் வலமும் சிதறினால் கோத்த நூல் நீளும். பாலத்தடியில் நடப்பது இதுதான்.

குறையவும் குறையும். பேட்டரியை மிச்சப்படுத்தச் சில நொடிகளுக்கு ஒருமுறை மட்டும் புள்ளி எடுக்கும் அமைப்பில் இருந்தால், திருப்பங்களை எல்லாம் குறுக்கே வெட்டிவிடும். பழைய வண்ணாரப்பேட்டையின் சந்துகளில் எனக்கு இரண்டும் சேர்ந்து நடக்கிறது. கூடுவதும் குறைவதும் சில நாள் ஒன்றையொன்று சரிக்கட்டி, மொத்தம் சரியாக வந்தது போல் தெரியும். அதை நம்பக் கூடாது.

ஜூன் 23

கொருக்குப்பேட்டை நண்பர் ஒருவர் தன் வரைபடத்தில் பாதி ஓட்டம் காணாமல் போவதாக எழுதியிருக்கிறார். இது ஜி.பி.எஸ். பிழை இல்லை. எனக்கும் நடந்தது. ராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் துறைமுகத் தண்ணீரின் மேலே ஒரு நேர்கோடு போட்டிருந்தது. 6.2 கிலோமீட்டர் ஓட்டம் 4.9 ஆகிவிட்டது. அன்று காலை முழுக்க எனக்கு மனம் ஆறவில்லை. ஓடியது ஓடியதுதான் என்று தெரியும், ஆனாலும் யாரோ என் உழைப்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டது போல இருந்தது.

காரணம், திரை அணைந்ததும் கைப்பேசியே செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. பேட்டரி அமைப்புக்குள் போய், அந்த ஒரு செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இருப்பிட அனுமதியில் திரை அணைந்திருந்தாலும் அளக்க இடம் கொடுங்கள். கிளம்பும் முன் வாசலில் ஒரு நிமிடம் நின்று, சிக்னல் பிடித்ததை உறுதிசெய்த பிறகு தொடங்குங்கள். முதல் 200 மீட்டர் கோணலாக வருவதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு நிமிட அவசரம்தான் காரணம்.

ஜூன் 30

நாம் நின்றதும் செயலி நேரக் கணக்கைத் தானாக நிறுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். இன்று அதைப் பற்றி எழுத வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 உடன் முடிந்தது. இன்று ஞாயிறு. காசிமேட்டில் காலை நான்கு மணிக்கே திருவிழாக் கூட்டம். ஐஸ் ஏற்றிய வண்டிகள், கூடைக்காரப் பெண்கள், மூன்று சக்கர வண்டிகள். நான் ஓடியது பாதி, நின்றது பாதி. 5 கிலோமீட்டருக்கு வீட்டுக் கடிகாரப்படி 32 நிமிடம் 30 நொடி. நின்ற 3 நிமிடம் 10 நொடியைச் செயலி கழித்துவிட்டு 29:20 என்று காட்டியது. அதாவது கிலோமீட்டருக்கு 6:30 என்பது 5:52 ஆகிவிட்டது. நின்ற நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டேன், கால் இளைப்பாறியது. அந்த ஓய்வின் பலன் மட்டும் கணக்கில் சேர்ந்து, ஓய்வு சேரவில்லை. அடுத்த வாரம் 5:52-ஐ நம்பி ஒரு பந்தயத்தில் தொடங்கினால் மூன்றாவது கிலோமீட்டரில் உட்கார வேண்டியதுதான்.

ஜூலை 14

ஜூன் 16 அன்று சென்சார் வேண்டாம் என்று எழுதினேன். இன்று என் மேசையில் ஒன்று இருக்கிறது.

கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் தன் மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது என்று கொடுத்தார். நெல்லிக்காய் அளவு, ஷூ நாடாவில் கவ்விக்கொள்கிறது. உள்ளே 2032 என்ற வட்ட பேட்டரி, கடிகாரக் கடையில் கிடைக்கிறது. கைப்பேசியோடு புளூடூத்தில் பேசுகிறது. வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்: பழைய சென்சார்கள் சில ஆன்ட் பிளஸ் என்ற வேறு முறையில் மட்டுமே பேசும், பல கைப்பேசிகளுக்கு அது புரியாது.

இந்த யோசனை பழையது. 1965-இல் ஜப்பானில் 'மன்போ-கெய்' என்று ஒரு காலடி எண்ணி விற்றார்கள். பத்தாயிரம் அடிக் கருவி என்று பொருள். இன்று எல்லாக் கைப்பேசியும் தினமும் 10,000 அடி கேட்பதற்கு அந்தப் பெயர்தான் வேர். 2006-இல் நைக்கியும் ஆப்பிளும் சேர்ந்து, இடது ஷூவின் உள்மெத்தைக்கு அடியில் குழி வைத்து அதில் பொருத்தும் சென்சாரைக் கொண்டுவந்தன. அது ஐபாடு என்ற பாட்டுக் கருவிக்குச் செய்தி அனுப்பும். அதற்குள் ஜி.பி.எஸ். இல்லை. பாதம் தரையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்க்கும். வேகம் கூடக்கூடப் பாதம் தரையில் தங்கும் நேரம் குறையும், அதிலிருந்து வேகத்தை ஊகிக்கும்.

இப்போது வருபவை இன்னும் நுட்பமானவை. பாதத்தின் முடுக்கத்தையும் திருப்பத்தையும் நொடிக்குப் பலமுறை அளந்து, அதைக் கூட்டிக்கூட்டி வேகமாகவும், வேகத்தைக் கூட்டித் தூரமாகவும் ஆக்குகின்றன. இப்படிக் கூட்டும்போது சிறு பிழையும் வட்டி போட்டு வளரும். அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது, படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில் பாதத்தின் வேகம் சுழியம். உடல் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது, பாதம் மட்டும் ஒரு கண்ணிமைப்பு நேரம் அசையாமல் நிற்கிறது. சென்சார் அந்தக் கணத்தைப் பிடித்துக் கணக்கைத் துடைத்துவிட்டு அடுத்த அடியைப் புதிதாகத் தொடங்குகிறது. இடுப்புப் பையில் கிடக்கும் கைப்பேசிக்கு அந்த நிற்கும் கணம் கிடைக்காது. ஷூவில் இருப்பதற்கு மட்டுமே கிடைக்கும்.

பாலமோ சந்தோ அதற்கு ஒன்றுதான். ஆகவே தம்பி, பாலத்தடியைத் தவிர உங்களுக்கு வேறு வழி இல்லை என்றால் சென்சார் நல்லது. ஜூன் 16-இல் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூலை 21

சென்சாருக்குத் தன் அளவை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். 400 மீட்டர் தடகளத்தில் உள்வட்டத்தில் ஓடிச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். உள்வட்டம் என்பது முக்கியம், அடுத்த தடத்துக்குப் போனால் ஒரு சுற்று சுமார் 407 மீட்டர் ஆகிவிடும். எனக்கு ஐந்தரை மணிக்குத் தடகளம் எங்கே கிடைக்கும்? கடை ஒன்பதுக்குத் திறக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு தெரு வளைவில்லாமல் நேராகக் கிடக்கிறது. கொத்தனார் ஒருவரிடம் 30 மீட்டர் நாடா வாங்கி, இன்று விடியற்காலை நானும் என் மகனும் அளந்தோம். 13 முறை முழு நாடா, மேலும் 10 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் சாக்குக்கட்டிக் கோடு. பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் மாநகராட்சி சாலை போடப் போகிறதா என்று கேட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் எதற்கு என்று விசாரித்துவிட்டு, நாடாவின் நடுவைத் தரையோடு பிடித்துக்கொண்டு கடைசி வரை கூடவே வந்தார்.

பிறகு ஐந்து முறை போய்த் திரும்பி ஓடினேன். 4,000 மீட்டர். சென்சார் 4,140 என்றது. 4,000-ஐ 4,140-ஆல் வகுத்தால் 0.966. அந்த எண்ணைச் செயலியில் திருத்தமாகக் கொடுத்தேன். கைப்பேசி ஜி.பி.எஸ். அதே ஓட்டத்துக்கு 4,110 சொன்னது. இரண்டுமே கூட்டித்தான் சொல்லின.

ஜூலை 24

திருத்தம். நாடாவைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதுதான் பார்த்தேன். முனையில் 20 சென்டிமீட்டர் அறுந்து, வளையத்தை 20 என்ற கோட்டில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அதாவது 30 மீட்டர் என்று நாங்கள் போட்டது ஒவ்வொரு முறையும் 29.8 மீட்டர். 13 முறைக்கு 387.4, கடைசித் துண்டு 9.8, மொத்தம் 397.2 மீட்டர். ஐந்து முறை போய்த் திரும்பியது 3,972 மீட்டர்தான். சரியான திருத்த எண் 0.959.

22 வருடமாகக் கழுத்தில் நாடா போட்டிருக்கிறேன். துணி வெட்டுமுன் நாடாவின் நுனியைப் பார் என்றுதான் கடையில் வேலை கற்க வரும் பெண்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிறேன். தெருவில் அதை மறந்தேன். ஞாயிறு குறிப்பைப் பார்த்து யாராவது அதே தெருவில் ஓடியிருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். கோட்டை 2.8 மீட்டர் தள்ளி மறுபடி போட்டுவிட்டேன்.

ஜூலை 25

பெரம்பூர் நண்பர் சொன்னது அருமையான செய்தி, அப்படியே இங்கே வைக்கிறேன். ஃபைபர் நாடாவும் இழுத்தால் நீளும், எஃகு நாடாதான் சரி. உலகத் தடகள அமைப்பின் அங்கீகாரம் பெறும் சாலைப் பந்தயங்களை ஜி.பி.எஸ். கொண்டு அளப்பதில்லையாம். எஃகு நாடாவால் குறைந்தது 300 மீட்டர் நேர்ப்பாதை ஒன்றை அளந்து, அதில் சைக்கிள் ஓட்டி, முன்சக்கரத்தில் மாட்டிய ஜோன்ஸ் கவுன்டர் என்ற சுற்றெண்ணி எத்தனை எண்ணுகிறது என்று பார்த்து, அந்தச் சைக்கிளிலேயே பந்தய வழி முழுக்கப் போகிறார்கள். போகும்போது திருப்பங்களில் மிகக் குறுகிய கோட்டைப் பிடிக்கிறார்கள். அதற்கு மேலும், குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்க்கிறார்கள்.

மாரத்தான் ஓடியவர்கள் கைப்பேசி 42.195-க்குப் பதில் 42.7 காட்டியது என்று பந்தயம் நடத்துபவர்கள் மீது கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அளந்தவர் குறுக்கே போனார், நாம் கூட்டத்தில் விலகி விலகி அகலமாகத் திரும்பினோம், அதன் மேல் ஜி.பி.எஸ்.ஸின் நெளிவும் சேர்ந்தது. பந்தய வழி சரியாகவே இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 18

பழைய ஷூ தேய்ந்து புதிது வாங்கினேன். மெத்தை தடித்தது. சென்சாரை அதே இடத்தில் மாட்டி, அதே கோட்டிலிருந்து அதே கோட்டுக்கு ஓடினேன். 0.959 என்ற திருத்தம் இருந்தும் 4,000 மீட்டருக்கு 4,070 காட்டியது. ஷூ நாடாவில் ஒரு துளை மேலே ஏற்றிக் கட்டினால் இன்னொரு எண் வருகிறது. மெதுவாக ஓடும் நாளில் ஒன்று, விரட்டி ஓடும் நாளில் ஒன்று.

ஆகவே ஜூலை 14-இல் 'பாலமோ சந்தோ அதற்கு ஒன்றுதான்' என்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: வானம் மாறினால் ஜி.பி.எஸ். மாறுகிறது, கால் மாறினால் சென்சார் மாறுகிறது. ஷூ மாற்றினால், மாட்டும் இடம் மாற்றினால் மறுபடி அளந்த தெருவுக்குப் போக வேண்டும். நான் இப்போது ஷூவின் உள்நாக்கில் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்: எந்தத் துளை, எந்தத் தேதி, எந்த எண்.

சட்டைக்கும் இதைத்தான் செய்வோம். ஒரே ஆளுக்கு ஒரு நாடாவில் மார்பும் இன்னொரு நாடாவில் தோளும் எடுத்தால் இரண்டு நாடாவும் நல்லதாக இருந்தும் சட்டை இழுக்கும். ஜூனில் ஜி.பி.எஸ்.ஸில் ஓடிய 5 கிலோமீட்டரையும் ஆகஸ்டில் சென்சாரில் ஓடிய 5 கிலோமீட்டரையும் அருகருகே வைத்து முன்னேறிவிட்டேன், பின்தங்கிவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

ஆகஸ்ட் 19

கலோரி கேட்டவருக்கு: ஓட்டத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி. 62 கிலோ எடை, 5 கிலோமீட்டர், 310 அளவில். செயலியில் எடையே பதியாமல் வைத்திருந்தால் அது யாருடைய எடைக்கோ கணக்குச் சொல்கிறது.

மேடு ஏறிய உயரம் கேட்டவருக்கு: கடலோரச் சாலையில் 60 மீட்டர் ஏறினேன் என்று என் கைப்பேசியும் சொல்கிறது. ஜி.பி.எஸ்.ஸில் உயரப் பிழை, இடப் பிழையைவிடப் பெரியது. ரயில் பாதைக்கு மேலே ஏறி இறங்கும் மேம்பாலம் தவிர நம் பக்கத்தில் ஏது மேடு.

செப்டம்பர் 8

வியாசர்பாடியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருப்பது மேலே எழுதிய எல்லாவற்றையும்விட முக்கியமானது. அவள் ஓட்டத்தை யாரோ செயலியில் தினமும் பார்க்கிறார்கள். ஒருநாள் அவள் திரும்பும் முனையில் ஒருவன் நின்றான்.

அம்மா, இன்றே மூன்று காரியம் செய். கணக்கை, நீ ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்று. வீட்டைச் சுற்றியுள்ள பகுதியின் வரைபடத்தை மறைக்கும் வசதியைப் போடு, ஸ்ட்ராவா போன்ற ஓட்டச் செயலிகளில் இருக்கிறது. பழைய ஓட்டங்களையும் திறந்து ஒவ்வொன்றாக மறை, புதிதை மறைத்தால் பழையது மறையாது. தினமும் அதே மணி, அதே வழி என்பதையும் உடை.

2018 ஜனவரியில், ஆட்கள் ஓடிய வழிகளை ஒளியாகக் காட்டும் ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடத்தில் பாலைவனங்களின் நடுவே ஒளிக்கோடுகள் தெரிந்தன. ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய சுற்றுகள் அவை. துப்பாக்கியோடு காவல் நிற்கும் இடத்தையே ஒரு ஓட்டச் செயலி காட்டிக்கொடுக்கும் என்றால், நம் தெருமுனை எம்மாத்திரம்.

நேரலை இருப்பிடம் வேறு. அது நாம் தேர்ந்தெடுத்த ஒருவருக்குப் போவது. நான் கிளம்பும்போது என் கணவருக்கும் அக்காவுக்கும் அனுப்பிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுகிறேன். 5.0, 5.4 விவகாரத்தில் எந்தச் செயலியை வேண்டுமானாலும் எடுங்கள், இந்த வசதி இல்லாத செயலியைப் பெண்கள் எடுக்காதீர்கள்.

செப்டம்பர் 9

தங்கை மூன்றையும் செய்துவிட்டாள். இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூவராக ஓடுகிறாள். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நல்லது.

அக்டோபர் 16

மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர், எந்த மூடி திறந்திருக்கிறது என்று தெரியாது, ஓடாதீர்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி 25 நிமிடம் ஓடினேன். ஜி.பி.எஸ். என்னை ஒரே இடத்தில் கொசு போல மொய்க்க வைத்து 900 மீட்டர் என்றது. சென்சார் 3.4 கிலோமீட்டர் என்றது. சுற்றை எண்ணிப் பார்த்ததில் சென்சார் பக்கம்தான் உண்மை. இப்படிப்பட்ட நாளுக்காகவே அதை வைத்திருக்கலாம் என்று இன்று தோன்றியது.

நவம்பர் 10

மூன்று வாரமாக ஓடவில்லை. குதிகால். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி இறங்குவது போல. பத்து அடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி.

எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். செயலி வாரக் கணக்கைப் பட்டையாக வரைகிறது. செப்டம்பரில் 21 கிலோமீட்டர். அடுத்த பட்டை இதைவிட உயரமாக நிற்க வேண்டும் என்று ஓடி ஓடி, ஐந்தே வாரத்தில் 34 ஆக்கினேன். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதே என்று ஓட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பட்டையின் உயரம் என்னை இழுத்தது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி வாரம் எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல. 'வேலை என்ன?' என்றார். கால் மிதி மெஷின். தீபாவளிக்கு முந்தைய அந்த வாரங்களில் தினமும் ஒன்பது மணி நேரம் மிதித்தேன். ரவிக்கை, பாவாடை, பள்ளிப் பிள்ளைகளின் புத்தாடை. ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் இறங்குகிறது, கெண்டைக்கால் இழுபடுகிறது. அந்த ஒன்பது மணி நேரத்தில் ஒரு நொடியைக்கூடச் செயலி எழுதவில்லை. அதன் கணக்கில் நான் அந்த நேரம் முழுக்க ஓய்வெடுத்தேன். 'நன்றாக ஓய்வெடுத்துவிட்டீர்கள், இன்று கடினமாக ஓடலாம்' என்று என்னிடம் சொன்னது.

கூடை சுமப்பவர், துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர், நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர், நம் பக்கத்தில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். தயவுசெய்து உங்கள் வேலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் இப்போது ஓட்டத்துக்குப் பக்கத்தில் 'மெஷின்: 6 மணி நேரம்' என்று எழுதுகிறேன். மெஷின் ஏழு மணி நேரத்தைத் தாண்டிய நாளுக்கு மறுநாள் ஓட்டம் கிடையாது.

நவம்பர் 17

காலடி எண்ணிக்கை பற்றி இருவர் கேட்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் எண்ணிப் பார்த்தார். நெடுந்தூர வீரர்கள் ஏறக்குறைய எல்லாரும் நிமிடத்துக்கு 180 அடி அல்லது அதற்கு மேல் வைத்தார்கள். அந்த 180 அன்று முதல் எல்லாருக்கும் விதியாகிவிட்டது. அவர் எண்ணியது ஒலிம்பிக் வீரர்கள் ஓடும் வேகத்தில். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓடும் எனக்கு 160 அடி வருகிறது, ஓர் அடிக்குச் சுமார் 96 சென்டிமீட்டர். குதிகால் வலி குறைந்ததும் அடியைச் சற்றுக் குறுக்கி 166-க்குக் கொண்டுவந்திருக்கிறேன், தரையில் விழும் சத்தம் குறைந்திருக்கிறது. 180-ஐத் துரத்தப் போவதில்லை.

சில செயலிகள் ஒரு காலை மட்டும் எண்ணி 80 என்று காட்டும். பதற வேண்டாம், இரண்டால் பெருக்குங்கள். சென்சார் இதில் கெட்டி. அதன் தூரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு, காலடி எண்ணிக்கையில் இல்லை.

டிசம்பர் 22

மார்கழி. தெரு முழுக்கக் கோலம், மிதிக்காமல் ஓரமாகப் போகிறேன். காற்று கனமாக நிற்கிறது. குளிர்காலையில் புகை மேலே போகாமல் தரையோடு படிகிறது.

இதைச் செயலி சொல்வதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைத் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் அளவு அதில் வருகிறது. பி.எம். 2.5 என்ற நுண்துகளுக்கு இந்தியாவின் ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அது தாண்டிய காலைகளில் நான் வீட்டிலேயே படி ஏறி இறங்குகிறேன். சென்ற ஆண்டு இதே டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததும், 26-ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடியதும் நமக்கு மறக்காது. அந்தச் சாலையில் மூச்சை இழுத்து ஓடுகிறோம். வேகத்தைப் பார்க்கும் முன் காற்றைப் பாருங்கள்.

2025 ஜனவரி 5

கேள்வி கேட்ட தம்பி இன்று நேரில் வந்தார். எங்கள் தெருவில் ஐந்து முறை போய்த் திரும்பினார். புதிதாகச் சென்சார் வாங்கியிருந்தார், நான் வேண்டாம் என்று சொன்னதையும், பாதி திரும்பப் பெற்றதையும், மறுபடி பாதி கொடுத்ததையும் படித்துவிட்டுத்தான் வாங்கினாராம். 4,000-க்கு சென்சார் 3,930, கைப்பேசி 4,060. திருத்த எண் 1.018. அவருக்குக் குறைத்துச் சொல்கிறது, எனக்குக் கூட்டிச் சொன்னது. ஆளுக்கு ஆள் பாதம் வேறு.

பாலத்தடியில் அவர் மூன்று மாதம் ஓடிய வழி உண்மையில் எவ்வளவு என்று இனிமேல்தான் தெரியும். நாளை அந்த எண்ணோடு தேரடியிலிருந்து ஓடிவிட்டு எழுதுகிறேன் என்றார்.

ஜனவரி 6

எழுதிவிட்டார். 4.85. ஜி.பி.எஸ். இன்று 5.3 சொன்னதாம். மூன்று மாதம் ஐந்து என்று நம்பி ஓடியிருக்கிறேனே அக்கா என்று வருந்துகிறார். தம்பி, அந்தக் காலைகளில் நீங்கள் எழுந்து போனது அப்படியே இருக்கிறது. சுங்கச்சாவடிப் பக்கம் இன்னும் 75 மீட்டர் போய்த் திரும்புங்கள், போக வர 150 ஆகிவிடும்.

போகிக்குத் தெருவைக் கழுவினால் கோடு அழிந்துவிடும். பொங்கல் முடிந்த பிறகு வரும் ஞாயிறு மறுபடி அளக்கிறோம். இந்த முறை எஃகு நாடா, பெரம்பூர் நண்பர் கொண்டுவருகிறார். சாக்குக்கட்டிக்குப் பதில் பெயின்ட். நடுவில் பிடிக்க அந்தப் பெரியவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்குத் தொடங்கிவிடுவோம்.